ஈரத்தில் மட்டும் வாழும் கல்

மார்ச் 3

ஆய்வகத் தலைவர் அவர்களுக்கு,

'அண்ணி'ன்னு ஆரம்பிச்சு, கோடு போட்டு அடிச்சுட்டேன். உங்க அறிக்கையில நான் 'மாதிரி அனுப்பியவர்'. சரி, அப்படியே இருந்துட்டுப் போறேன்.

திங்கட்கிழமை கூட்டத்துல எங்க சுரங்க மேலாளர் அந்த அறிக்கையை எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிச்சார். 'எல்லாச் சுரங்கங்களிலும் காணப்படும் வெள்ளை உப்பு. தனி ஆய்வுக்கு உரியதல்ல.' வாசிச்சு முடிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். "இதுக்காகவா பம்பை நிறுத்தாதீங்கன்னு மனு குடுத்தீங்க? எங்க வீட்டுக் குளியலறைச் சுவர்ல இதைவிட நல்லாப் பூத்திருக்கு"ன்னார். அறை முழுக்கச் சிரிப்பு. நான் தண்ணி பாட்டில் மூடியைத் திருகிட்டே உக்காந்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியும். இங்க தாது தீர்ந்துபோச்சு. ஆகஸ்ட்ல பம்பை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா முதல்ல முழுகறது அடித்தளம். நான் அதைப் பார்த்தது அடித்தளத்துல மட்டும்தான்.

சுவர்ல அது வெள்ளை இல்லை. நொச்சிப்பூ நிறம், இளம் ஊதா. ஒவ்வொண்ணும் விரல் நீளம், தலைமுடி மாதிரி மெல்லிசு. விளக்கைக் காட்டினா சுவருக்கே முடி வளர்ந்த மாதிரி இருக்கு. இத்தனை வருஷம் சுரங்கத்துக்குள்ள நடந்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை.

உங்க மெஷின் பொய் சொல்லாதுன்னு தெரியும். என் கண்ணும் சொல்லாது. ஆனா மேலாளருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம். அண்ணன் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேர் நடுவுல என்னைப் போட்டு உருட்டாதீங்க"ன்னு புலம்பறான். போன்ல பேசினா கத்திடுவேன். அதான் எழுதறேன்.

காற்றோட்டப் பொறியாளர்,
அடித்தளப் பிரிவு


மார்ச் 11

சுண்டெலிக்கு,

நீ எப்படி வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுக்கொள். பொந்து பொந்தாக நுழைந்து வருகிறவளுக்கு நான் வைத்த பெயரை மாற்றுவதாக இல்லை.

ஆய்வைக் கேட்டு ஆய்வகத்துக்கு எழுதியவர் உங்கள் மேலாளர். அறிக்கை அவருக்குத்தான் போக வேண்டும். நாத்தனார் அனுப்பிய கல் என்று உனக்கு முதலில் சொல்லியிருந்தால், நாளைக்கு உண்மையிலேயே நல்ல செய்தி வரும்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள். இது உன் நன்மைக்கும்தான்.

நீ அனுப்பிய தீப்பெட்டியைத் திறந்தபோது பஞ்சின்மேல் வெள்ளைப் பொடி இருந்தது. நொச்சிப்பூ நிறத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத முடியாது. ஒவ்வொரு கனிமத்துக்கும் கைரேகைபோல ஒரு கோட்டு வரிசை உண்டு. அந்தப் பொடியின் கோடுகள் சாதாரண வெள்ளை உப்பின் கோடுகள். மீண்டும் ஓட்டினேன். அதேதான் வந்தது.

அவர் கூட்டத்தில் வாசித்துச் சிரித்தது தவறு. அதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணி


ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. இது சமாதானக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

வேலை முடிந்த மாதிரிகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கழித்துக்கொண்டிருந்தேன். உன் தீப்பெட்டி கையில் வந்தது. குப்பையில் போடுவதற்கு முன் ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதே.

வெள்ளை உப்பு தானாக வளர்ந்தால் குட்டையான கட்டிகளாக வளரும். உன் பொடியில் இருந்தவை நீளமானவை. முடி முடியாக, குறுக்கே விரிசல் விட்டு, தொட்டால் உதிர்கிற மாதிரி. வெள்ளை உப்புக்கு அந்த உருவம் வரவே வராது. வேறு ஏதோ ஒன்று முடியாக வளர்ந்திருக்கிறது. பிறகு தன்னிடமிருந்த நீரை இழந்து, உருவம் மட்டும் அப்படியே நிற்க, உள்ளே வெள்ளை உப்பாக மாறியிருக்கிறது. பஞ்சின் அடியில் ஒரு மங்கலான ஊதா வளையமும் இருக்கிறது. முதலில் அதைப் பஞ்சின் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஆகவே நீ அனுப்பியது ஒன்று, எனக்கு வந்து சேர்ந்தது வேறு ஒன்று. வழியில் அது செத்துவிட்டது.

அந்தச் சுவர்ப் பக்கம் எவ்வளவு குளிர்? காற்றில் எவ்வளவு ஈரம்? காற்று ஓடுகிறதா, நிற்கிறதா? உன் தொழிலே அதுதானே. எழுது.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

உங்க கடிதத்தைச் சுரங்கக் கூண்டுல இறங்கும்போதே விளக்கு வெளிச்சத்துல படிச்சேன். பக்கத்துல நின்னவர் "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"ன்னு கேட்டார். என் மூஞ்சி அப்படி இருந்திருக்கு.

நீங்க கேட்டது. குளிர், உங்க வீட்டு ஏசி அறை அளவு. ஈரம் நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. வாரம் முழுக்க அளந்தேன், முள் அசையல. காற்று நிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. தாடையில பட்டா தெரியும், விரல்ல தெரியாது.

எப்படி வளருதுன்னு நான் பார்த்ததைச் சொல்றேன், நீங்க திருத்துங்க. அந்தப் பாறையில மஞ்சளா மினுக்குற பைரைட் நிறைய. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். மலைக்குள்ள மூடிக் கிடந்த வரைக்கும் சும்மா இருந்துச்சு. நாம சுரங்கம் வெட்டிக் காற்றை உள்ளே விட்டோம். காற்றும் தண்ணியும் பட்டதும் அது இற்றுப்போய் அமிலத் தண்ணியா வடியுது. வடியறப்போ வழியில இருக்கற களிமண்ணைக் கரைச்சு அலுமினியத்தையும் இழுத்துக்குது. அப்படியே சுவர் விரிசல் வழியா வெளியில கசிஞ்சு, மெதுவாக் காய்ஞ்சு, உப்பாப் பூக்குது. முதல் கல்லு மலையோட பிறந்தது. இது அந்தக் கல்லு அழிஞ்சதுல பிறந்தது.

இது மத்த தளத்துலயும் நடக்கறதுதான். அங்கெல்லாம் உங்க வெள்ளை உப்புதான் வருது. அடித்தளத்துல மட்டும் ஏன் ஊதா? அங்க ஒரு காற்றுக் கதவு இருக்கு. அஞ்சாறு வருஷம் முன்னாடி நான்தான் அதை அடைக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் காற்று மந்தமாச்சு, ஈரம் ஏறிச்சு. அதுக்கு முன்னாடி அங்க ஊதா இருந்ததா யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரு பாட்டில்ல ஈரத்துணி போட்டு, மேல வலை கட்டி, புதுசா எடுத்து அனுப்பறேன். இந்தத் தடவை காயாது.

சுண்டெலி


ஏப்ரல் 24

சுண்டெலிக்கு,

பாட்டில் வந்தது. காயவில்லை. கரைந்துவிட்டது. வலைக்குக் கீழே அழகான ஊதாத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. மைப்பேனாவில் ஊற்றலாம்.

தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் வெளுக்கிறது. மேலே போனால் கரைகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை. எந்தத் துணியை எவ்வளவு பிழிந்தாலும் அந்த நூலில் நிற்காது.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். சில உப்புகளைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து மூடிய பாட்டிலில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும். ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விடும். எந்த உப்பு தொண்ணூற்று நாலில் நிறுத்தும் என்று அட்டவணையைப் புரட்டினேன். பொட்டாசியம் நைட்ரேட் என்றிருந்தது. சத்தமாக வாசித்தேன். உன் அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அது பல் கூச்சத்துக்குப் போடுற பேஸ்ட்ல இருக்கிறதாச்சே. என் கிளினிக்ல ஒரு டப்பா நிறைய இருக்கு" என்றார்.

நம் வீட்டில் பல் டாக்டர் ஒருவர் இருப்பதற்கு இன்றைக்குத்தான் பலன் தெரிகிறது. தபாலை நம்ப மாட்டேன். டப்பா, வாய் அகன்ற பிளாஸ்க், பாட்டில் மூன்றையும் கொடுத்து அவரையே அனுப்புகிறேன். சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்பார். இறக்கிவிடு.

அண்ணி


மே 19

அண்ணி,

உங்க வீட்டுக்காரர் ரயில் ஏறிட்டார். பிளாஸ்க்கை மடியில வச்சிருக்கார். நீங்க சொன்னபடியே இறக்கினேன்.

அண்ணன் மேல நின்னு, "லிப்ட் எங்க?"ன்னான். "இதுதான்"னேன். "இது கூண்டு"ன்னான். இறங்கற வரைக்கும் என் பெல்ட்டை விடல. பல்லுப் பிடுங்க வர்றவங்க நாற்காலிக் கைப்பிடியை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கறாங்கன்னு இப்போ புரியுதுன்னான்.

அடித்தளத்துல விளக்கைத் தூக்கிக் காட்டினேன். சுவர்கிட்டப் போய்க் குனிஞ்சு பார்த்தான். "இதைப் போயா வெள்ளைன்னு எழுதினா?"ன்னான்.

"அவங்க கைக்கு வெள்ளையாத்தான் போச்சு."

"அப்போ நீயும் சரி, அவளும் சரி."

"ஆமா."

"அப்போ இத்தனை நாள் ரெண்டு பக்கமும் அடி வாங்கினது நான் மட்டும்தானா?"

அங்கயே உக்காந்து சிரிச்சோம். சுவர் பக்கம் மூச்சு விடாம, திரும்பிச் சிரிச்சோம்.

உப்புக் கூழைப் பாட்டில் அடியில போட்டு, தட்டு வச்சு, பாறையோட சேர்த்து வெட்டின துண்டை அது மேல வச்சு, மூடிப் பிளாஸ்க்குக்குள்ள இறக்கினேன். கூண்டுல மேல வந்து, அலுவலகம் வந்து, பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஊதா. ராத்திரி தங்கி, காலையில பார்த்தோம். ஊதா.

மேலாளர் எட்டிப் பார்த்து, "என்ன அது?"ன்னார். "குளியலறைச் சுவர் சார்"னேன். நின்னு பார்த்துட்டுப் போனார்.

சுண்டெலி


ஜூன் 8

என் சுண்டெலிக்கு,

உட்கார்ந்து படி.

உன் அண்ணன் பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எதிரே இருந்தவர் என்னவென்று கேட்டாராம். "பல் செட்டு" என்றாராம். அதற்குமேல் யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம்.

கருவியின் அறையையும் அதே குளிருக்கும் அதே ஈரத்துக்கும் கொண்டுவந்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன். நிறம் மாறவில்லை. ஒரே ஒரு முடியை எடுத்து ஏற்றினேன். கோடுகள் வரத் தொடங்கின. முதல் கோடே வெள்ளை உப்பின் கோடு இல்லை. உலகத்தில் இதுவரை பதிவான கனிமங்கள் அனைத்தின் கோடுகளோடும் ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. கருவியில் கோளாறு என்று நினைத்து, நன்றாகத் தெரிந்த ஒரு கல்லை வைத்துப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. கோளாறு இல்லை என்று தெரிந்ததும் இன்னொரு முடியை ஏற்றினேன். அதே கோடுகள்.

அதன் உள்கட்டமைப்பும் கிடைத்துவிட்டது. இரும்பு, அலுமினியம், கந்தகம், ஆக்ஸிஜன், இவற்றுக்கிடையே நீர். அந்த நீர் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம் இல்லை. வீட்டுக்குத் தூண்போல நிற்கிறது. காற்று கொஞ்சம் காய்ந்தால் ஒரு வரிசைத் தூண் போகிறது, வீடு சரிகிறது. சரிந்த வீடுதான் எனக்குத் தீப்பெட்டியில் வந்தது.

இது புதிது. நீ கண்டது இதற்குமுன் யாரும் கண்டிராதது. அறிக்கையை இன்று உங்கள் மேலாளருக்கு அனுப்பினேன். 'மாதிரி அனுப்பியவர்' என்ற வரி இல்லை. 'கண்டுபிடித்தவர்' என்று போட்டு உன் பெயர்.

ஒரு சிக்கல். கனிமங்களை ஏற்கிற உலகக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. சுரங்கச் சுவரில் தானாகப் பூத்ததை ஏற்பார்கள், ஆனால் மனிதர் செய்துவைத்த பொருள் கனிமம் ஆகாது. நீ அடைத்த காற்றுக் கதவைப் பற்றி நான் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதினால், இது பொறியாளரின் கதவு செய்த உப்புதானே என்று யாராவது கேட்பார்கள். யார் கையும் படாத இன்னோர் இடத்தில் இதைக் காட்ட முடியுமா?

அண்ணி


ஜூலை 15

அண்ணி,

முடியும். காட்டியாச்சு. முழுசாச் சொல்றேன்.

எங்க தேடறதுன்னு சும்மா அலையல. நீங்க சொன்னதை வச்சே கணக்குப் போட்டேன். பைரைட் இருக்கணும், களிமண் இருக்கணும், தண்ணி கசியணும், காற்று மந்தமா இருக்கணும், குளிர் மாறாம இருக்கணும். இது அஞ்சும் சேர்ற ஒரே இடம், இரண்டாம் தளத்துல வடக்குப் பக்கம் இடிஞ்சு அடைபட்ட பழைய குடைவு. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே பாறை சரிஞ்சு தானா மூடிக்கிச்சு. பம்பை நிறுத்தினாலும் அந்த உசரத்துக்குத் தண்ணி வராது.

சரிவுல ஒரு ஆள் நுழையற ஓட்டை போட்டு, காற்று அளவியை நீட்டினா, உள்ள ஆக்ஸிஜன் பாதிக்கு இறங்கிக் கிடக்கு. பைரைட் இற்றுப்போகும்போது காற்றைத் தின்னுட்டுத்தானே இற்றுப்போகும். உள்ள போனா மனுஷன் சுருண்டு விழுவான். வழக்கமா என்ன பண்ணுவேன், ஒரு விசிறியும் துணிக்குழாயும் போட்டு நல்ல காற்றை உள்ள அடிப்பேன். கையில குழாயைப் பிடிச்சிட்டு நின்னேன். அடிச்சா நமக்கு உயிர். அந்த முடிக்குச் சாவு.

மீட்புக்குழுத் தலைவரை உங்களுக்குத் தெரியாது. கரடின்னு கூப்பிடுவோம், உருவம் அப்படி. அவர்கிட்ட சொன்னேன்.

"விசிறி இல்லாம போகணுமா?"

"ஆமா. சிலிண்டர் மாட்டிக்கிட்டு."

"உள்ள யாரு மாட்டிக்கிட்டிருக்காங்க?"

"யாரும் இல்லை. ஒரு கல்லு இருக்கான்னு பார்க்கணும்."

என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "ஆளுக்குத்தான் இதுவரைக்கும் போயிருக்கேன். கல்லுக்கும் ஒரு தடவை போவோம்"ன்னார். அனுமதிக் கையெழுத்துக்கு மேலாளர்கிட்ட போனேன். மறுப்பார்னு வாக்குவாதம் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். உங்க புது அறிக்கை அவர் மேசையில இருந்துச்சு. "ஆகஸ்ட்டுக்கு மேல பம்பை ஓட்ட என்னால முடியாது, மேலிடத்து உத்தரவு. ஆனா அதுவரைக்கும் எந்த ஆள் வேணுமோ கூட்டிட்டுப் போங்க"ன்னு கையெழுத்துப் போட்டார். அவரும் இடிபாட்டு வாய் வரைக்கும் வந்து நின்னார்.

கரடி முன்னாடி, நான் பின்னாடி, வயித்தால ஊர்ந்து போனோம். கொஞ்ச தூரம் வெறும் சகதி. அப்புறம் வெள்ளை உப்பு. எனக்கு மனசு விட்டுப்போச்சு. குடைவு வலப்பக்கம் திரும்புது. அங்க கரடியோட விளக்கு சட்டுன்னு நின்னுடுச்சு. அவர் நகரல. காலைத் தட்டினேன். ஒதுங்கி வழி விட்டார்.

அண்ணி, சுவர் முழுக்க. கூரையிலயும். அடித்தளத்துல இருந்தது ஒரு கை அகலம். இங்க ஒரு அறை அகலம். சிலது என் முழங்கை நீளம். மூடிக்கிட்டதுல இருந்து யார் கையும் படாத இடம்.

முகமூடியோட பேச முடியாது. கரடி என் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிக் கொண்டாடினார், தலை இன்னும் விண்ணுவிண்ணுன்னு இருக்கு. வெளியில ஊர்ந்து வந்ததும் மேலாளர், "இருக்கா?"ன்னார். நான் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்.

படம், அளவு எல்லாம் சேர்த்து அனுப்பறேன். உங்க குழு கேக்கட்டும்.

சுண்டெலி


செப்டம்பர் 26

என் சுண்டெலிக்கு,

குழு கேட்டது. வாக்கும் போட்டது. எதிராக ஒருவர்கூட இல்லை.

குழுவின் தலைவர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். புதிய கனிமத்தைக் கண்டவர்கள் நிறையப் பேர் உண்டு, அது எங்கே வளரும் என்று முன்கூட்டியே சொல்லிப் போய் எடுத்தவர்கள் குறைவு என்று. அதை ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உன் அண்ணன் கிளினிக்கில் ஒட்டியிருக்கிறார். பல் வலியோடு வருகிறவர்கள் அதைப் படித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர்கள் தங்கள் பெயரையே வைக்கக் கூடாது என்பது விதி. வைக்கலாம் என்றாலும் 'சுண்டெலியைட்' என்று நான் எழுதியிருக்க மாட்டேன். உன் முதல் கடிதத்தில் நீ சொன்ன பூவை வைத்தேன். நொச்சியைட். ஏற்றுக்கொண்டார்கள். இனி உலகத்தில் எந்த மொழியில் கனிமப் பட்டியல் போட்டாலும் அந்தப் பூ அதில் இருக்கும்.

அடித்தளம் முழுகிவிட்டது என்று எழுதியிருந்தாய். முழுகட்டும். நீ கொண்டுவந்த துண்டு இங்கே உப்புக் கூழின்மேல் ஊதாவாகவே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கும் ஒன்று போகிறது, கூழோடு.

இன்னொன்று. நான் இதுவரை எந்தச் சுரங்கத்திலும் இறங்கியதில்லை. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தாலே எனக்கு மூச்சு முட்டும். சிலிண்டர் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். முதல் வகுப்பில் முகமூடியைப் பிய்த்து எறிந்தேன். இரண்டாவதில் எறியவில்லை.

அண்ணி


அக்டோபர் 5

அண்ணி,

நிஜமாவா? படிச்சிட்டு மறுபடி மறுபடி படிச்சேன்.

வாங்க. கரடிகிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு முன்னாடி அவர், பின்னாடி நான். பயம் வந்தா என் விளக்கை அணைச்சு அணைச்சுக் காட்டுவேன், அதையே பாருங்க. திரும்பிடலாம்னு தோணினா கட்டை விரலைக் கீழ காட்டுங்க. ஒரு வார்த்தை கேக்காம திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன். அண்ணனை மேலயே நிறுத்திடுங்க, பெல்ட் பாவம்.

சுண்டெலி


நவம்பர் 14

என் சுண்டெலிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் மருந்து போட்டிருக்கிறேன். உள்ளே உன்னிடம் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

ஓட்டைக்குள் தலையை விட்டதும் கட்டை விரலைக் கீழே காட்டத்தான் நினைத்தேன். கை வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுப்பதற்குள் பாதி தூரம் வந்துவிட்டோம். அதன்பிறகு திரும்பினால் கேவலமாக இருக்கும் என்று ஊர்ந்து வந்தேன்.

இருபது வருடமாக நான் கற்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் முடிந்த பிறகு. பொடித்து, சலித்து, தட்டில் வைத்து. அங்கே சுவருக்கு முன்னால் முழங்காலில் நின்றபோது ஒரு முடியின் நுனியில் எள்ளளவு பாறைத் துணுக்கு உட்கார்ந்திருந்தது. மேலிருந்து விழுந்ததோ என்று பக்கத்து முடியைப் பார்த்தேன். அதன் நுனியிலும் ஒன்று. விளக்கைச் சாய்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை எல்லா முடியும் ஆளுக்கொரு துணுக்கைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது. கசிவு அடியில் வந்து சேர்கிறது. புது உப்பு அடியில் கட்டுகிறது. கட்டிய உப்பு பழையதை வெளியே தள்ளுகிறது. சுவரின் தோலையே பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு அது வெளியே வருகிறது. நுனிதான் மூத்தது. அடி இன்றைக்குப் பிறந்தது. ஆய்விதழுக்கு நாம் அனுப்பியிருந்த கட்டுரையில் இது இல்லை. கருவி இதைக் காட்டியிருக்கவே முடியாது. கடைசிப் பத்தியாகச் சேர்த்து நேற்று அனுப்பிவிட்டேன்.

நீ தோளைத் தட்டிச் சிலிண்டரின் முள்ளைக் காட்டினாய். நேரமாகிறது என்று எனக்கும் தெரிந்தது. இன்னொரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். முகமூடிக்குள் நீ சிரித்தது கண்ணில் தெரிந்தது.

நீயும் கரடியும் சிலிண்டர்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் முதலில் மேலே வந்தேன். உன் அண்ணன் கூண்டு வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தில் சகதியைப் பார்த்துப் பதறி, "எப்படி இருக்கு?" என்றார். என்னைப் பற்றித்தான் கேட்டார்.

"வளர்ந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

அண்ணி